ஏழு லீவு, ஏழு போட்டோ

நடிகைகள் மேல் எனக்கு அந்தக் காலத்தில் பெரிய மரியாதை கிடையாது. அதிலும் ஊருக்கு நல்லது செய்கிற நடிகை என்றால் இன்னும் ஒரு படி கீழே. பத்துப் பேருக்குத் தையல் மெஷின் கொடுத்துவிட்டு நூறு பேரைக் கூட்டிவந்து படம் பிடிக்க வைப்பார்கள் என்பது என் தீர்ப்பு. என் கணவர் இதில் எனக்கு நேர் எதிர். புஜைராவில் துறைமுக வேலை அவருக்கு. வியாழக்கிழமை மாலை ஷார்ஜாவுக்கு வருவார். அந்த நடிகையின் படம் டிவியில் ஓடினால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவந்து நின்றபடியே பார்ப்பார். "உட்கார்ந்து பாருங்க, அவ எங்கேயும் ஓடிட மாட்டா" என்பேன். காதில் விழாது.

அந்த நடிகை ஒரு கொத்தனாரின் மகள். அப்பா வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் சுவர் எழுப்பியவர். தன் படங்கள் ஓட ஆரம்பித்ததும், மகள் வெளிநாட்டுக் கூலிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பாமார் கடல் தாண்டிப் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தன் செலவில் ஒரு விடுதி நடத்தினார். ஏஜெண்ட்டிடம் ஏமாந்தவர்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவனுக்கும் ஓட்டு வேண்டும் என்று போகிற மேடையில் எல்லாம் கேட்டார். எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதனால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக அவரைத் திட்டினார்கள்.

"எல்லாம் நடிப்பு" என்றேன் நான்.

"நடிப்பாவே இருக்கட்டும். உட்கார்ந்த வெயில் நிஜம்தானே?" என்றார் என் கணவர். அன்றைக்கு ரசத்தில் உப்பு குறைவு என்று அவரிடமே குறை சொன்னேன். ரசம் நான் வைத்தது.

நான் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தேன். விசா ஃபாரம், வாடகைப் பத்திரம், லீவு லெட்டர் எல்லாம் அங்கேதான் அடித்துக் கொடுப்போம். அரபிக்கு ஒரு எகிப்துக்காரர், இங்கிலீஷுக்கு நான். வருகிறவர்கள் தமிழில் சொல்லுவார்கள். நான் மரியாதை எல்லாம் சேர்த்து இங்கிலீஷாக்குவேன். ஊரில் யாருக்கு ஆபரேஷன், யார் தங்கைக்கு நிச்சயம் எல்லாம் எனக்கு அத்துபடி. லெட்டரைக் கொடுத்தாயா, என்ன ஆச்சு என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் மட்டும் எனக்கு இருந்ததில்லை. அடுத்த ஆள் நிற்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒரு கட்டட கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலை. மனைவி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவர், மூன்றரை வருடமாக ஊர் போகவில்லை. அவர் போன பிறகு பிறந்த பெண் குழந்தை இப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. ஆனால் "இந்த டவர் முடியட்டும்" என்பதே கம்பெனியின் பதில். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். டவர் முடிந்தால் பக்கத்தில் இன்னொரு டவர் முளைக்கும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மகளைப் பார்க்கப் போகணும்னு எழுதியாச்சு" என்றேன் முதல் தடவை.

"மொத மொதலாப் பாக்கப் போறேன்னு போட்டீங்களாக்கா?"

போடவில்லை. போட்டேன்.

அந்த லெட்டரை அவருக்கு மூன்று தடவை அடித்துக் கொடுத்திருக்கிறேன். முதலாவது சட்டைப் பையிலேயே வியர்வையில் கரைந்தது. இரண்டாவது சட்டையோடு சேர்ந்து துவைபட்டது. மூன்றாவதை வாங்கிப் போனவர் அப்புறம் வரவே இல்லை. கொடுத்துவிட்டார், ஊருக்குப் போய்விட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பார்த்தால் ரோலா பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு நிற்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு நட்சத்திரக் கலை விழா ஏற்பாடு செய்தது. தலைமை விருந்தாளி அந்த நடிகை. சங்கத் தலைவருக்கு அவரைக் கூப்பிட ஆசை, கூப்பிட்ட பிறகு பயம். "இங்க மைக் பிடிச்சு அரசியல் பேச முடியாதும்மா. ஒரு வார்த்தை தப்பிப் போச்சுன்னா எங்க எல்லாரையும் பெட்டி கட்டச் சொல்லிடுவாங்க" என்று போனில் கெஞ்சியிருக்கிறார். நடிகை ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: விழாவன்று பகலில் ஒரு லேபர் கேம்ப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எந்த கேம்ப் என்று தலைவர் என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. சிவகங்கைக்காரர் இருந்த கேம்ப்பைச் சொன்னேன். அந்தக் கட்டட கம்பெனிதான் விழாவுக்கு முக்கிய ஸ்பான்சர் என்பதால் தலைவருக்கும் வசதியாகப் போயிற்று. நடிகை மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த மனிதருக்கு வேறு வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை அந்தம்மா வராங்க. லெட்டரோட முன்வரிசையில நில்லுங்க. கேட்டா வாயத் திறந்து சொல்லுங்க."

"சரிக்கா. கண்டிப்பா நிக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்கினோம். ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள என்று பெட்டிக்குள் வைத்திருந்த புதுச் சட்டைகளை எல்லோரும் எடுத்து மாட்டியிருந்தார்கள். மடிப்புகூடக் கலையவில்லை. கேம்ப் முழுக்க அத்தர் வாசனை. பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில் துணிக்கொடியை அவிழ்த்திருந்தார்கள். ஓடாத ஏசிக்கு மேல் ஒரு பூப்போட்ட துண்டை விரித்து, அதில் பிளாஸ்டிக் ரோஜா வேறு. ஊருக்குப் போட்டோ அனுப்பும்போது யாருடைய காரிலோ சாய்ந்து நிற்பார்களே, அதே வேலைதான். கஷ்டத்தைக் கேட்க ஒருத்தி வீடு தேடி வந்திருக்கிறாள், இவர்கள் அவளுக்கே ஷோ காட்டுகிறார்கள். ஆளுக்கு ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

நடிகை கதர் மாதிரி ஒரு சேலையில் வந்திருந்தார். டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார்.

"சம்பளம் ஒழுங்கா வருதாண்ணே?"

"வருதுங்க."

"சாப்பாடு?"

"ஒரு குறையும் இல்லீங்க. ராஜா மாதிரி இருக்கோம்."

ராஜாக்கள் பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நடிகை சிரித்துவிட்டார்.

"எங்கப்பா அனுப்பின போட்டோ எல்லாத்துலயும் இப்படித்தான் மடிப்பு கலையாத சட்டை போட்டிருப்பாரு. நல்லா இருக்காருன்னு நாங்களும் நம்பிட்டோம்" என்றார். பிறகு குரலை மாற்றாமலே கேட்டார்: "சரி, ஊருக்குப் போயி எத்தன வருசம் ஆச்சு?"

சம்பளத்தைப் பற்றி, சோற்றைப் பற்றிப் பொய் சொல்ல வந்த வாய்களுக்கு இதில் பொய் வரவில்லை. "மூணு" என்றார் ஒருவர். "ரெண்டே முக்கால்" என்றார் இன்னொருவர். நாலு என்று சொன்னவர் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். கெடு தாண்டியவர்கள் மொத்தம் ஆறு பேர்.

"உங்களுக்கு ஓட்டு இல்ல. அதான் யாரும் உங்களத் தேடி வர்றதில்ல" என்றார் நடிகை. சங்கத் தலைவர் இரண்டு தடவை இருமினார். நடிகை அதற்கு மேல் அரசியல் பேசவில்லை.

எனக்கு அந்த நிமிடத்தில் நடிகையைப் பிடித்துவிட்டது. ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. சிவகங்கைக்காரரைக் காணோம். முன்வரிசை, பின்வரிசை, வாசல் எல்லாம் கண்ணால் தேடினேன். அதற்குள் தாம்பாளத்தில் மட்டன் பிரியாணி வந்தது. உடம்பைப் பேணுகிற நடிகை, ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பேப்பர் விரித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அந்த ஆறு பேரோட பேரு, லேபர் கார்டு நம்பர், எத்தன வருசம் ஆச்சு எல்லாத்தையும் டைப் பண்ணிக் கொண்டு வந்திடுவீங்களா? அஞ்சரை மணிக்கு ஓட்டல்ல ஸ்பான்சர்களுக்கு டீ. இவங்க மேனேஜரும் வர்றாராம்." நான் தலையாட்டுவதற்குள் ஒத்திகைக்கு நேரமாயிற்று என்று அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே இருந்தார் மனிதர். லுங்கியும் பனியனுமாக, அண்டாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா சாப்பிட்டாங்களாக்கா? தம் சரியா விழுந்துச்சா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த அண்டாவையே கவிழ்த்திருப்பேன். "முன்வரிசையில நிக்கச் சொன்னேனே. இங்க என்ன பண்றீங்க?"

"இங்க நாந்தானேக்கா பிரியாணி செய்வேன். விருந்தாளி வந்திருக்கையில அடுப்ப விட்டுட்டு எப்பிடி வர்றது? அடிப்பிடிச்சா மானம் போயிரும்ல."

"லெட்டர் எங்கே? அதையாவது யார்கிட்டயாவது கொடுத்து விட்டிருக்கலாமே."

கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரி இடுக்கிலிருந்து எடுத்து நீட்டினார். நான் அடித்த மூன்றாவது லெட்டர். கண்ணாடி மாதிரி பளபளத்தது. லேமினேட் செய்திருந்தார். ரெண்டு தடவ வீணாப் போச்சுல்ல, இந்தத் தடவ ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பண்ணினேன் என்றார். ஆபீஸில் அதைக் கொடுத்தும் இருக்கிறார். மேனேஜர் பேனாவை வைத்து இரண்டு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?" என்று திருப்பித் தந்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்த வெட்கத்தில் இவர் அப்புறம் கேட்கவே இல்லை.

கேம்ப்பில் எல்லோரும் எல்லாவற்றையும் லேமினேட் செய்வார்கள். சாமி படம், பிள்ளை போட்டோ, கார்டு நகல், ஒருவர் தன் முதல் விமான டிக்கெட்டைக்கூட. ஆனால் கையெழுத்து விழுவதற்கு முன்பே லெட்டரை லேமினேட் செய்த ஆள் இவர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அன்றைக்கே வந்து என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டினேன். நான்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது திட்டிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. மூன்று தடவை காகிதம் அடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு தடவை கேட்க வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சென்டர் மாலை நாலரைக்குத்தான் திறக்கும். திறந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்தேன். கேம்ப்பில் குறித்து வந்த விவரத்தைப் பார்த்து ஆறு பேரின் பெயரை அடித்தேன். ஏழாவதாகச் சிவகங்கைக்காரர் பெயரை அடிக்கப் போனபோது கொஞ்சம் யோசித்தேன். கேட்டது ஆறு. ஒன்றைக் கூட்டினால் மேனேஜர் அதையே பிடித்துக்கொண்டு பட்டியல் முழுவதையும் பொய் என்று தள்ளிவிட்டால்? ஆறு பேருடைய லீவையும் நான் கெடுத்தவள் ஆவேன். பிறகு, வருவது வரட்டும் என்று அவர் பெயரைப் பட்டியலில் எல்லோருக்கும் மேலே முதலாவதாகவே போட்டேன்.

ஓட்டலுக்குக் காரை ஓட்டிக்கொண்டே என் கணவர் கேட்டார், "ஏழாவது ஆள் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒழுங்கா ரோட்டப் பாருங்க."

ஓட்டலுக்குக் கம்பெனி மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். சென்னைக்காரர், நன்றாகப் பேசுவார். அவர் மனைவி, மனைவியின் தங்கை, பிள்ளைகள் மூன்று பேர் என எல்லோரும் பட்டில் ஜொலித்தார்கள். நடிகையோடு ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தனித்தனியாக என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

நடிகை என் கையிலிருந்து பட்டியலை வாங்கிப் படித்தார். "அக்கா, ஆறு பேர்தானே? இதுல ஏழு இருக்கே."

மேனேஜரும் எட்டிப் பார்த்தார். "முதல் ஆள் உங்க முன்னாடி வரல. அடுப்படியில இருந்தார்" என்றேன்.

"அந்தப் பிரியாணி செஞ்சவரா?"

"ஆமா. மூன்றரை வருஷம். மகளை இன்னும் பார்த்ததே இல்லை."

நடிகை மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், உங்க வீட்ல எத்தன பேர்?"

"என்னையும் சேர்த்து ஆறு பேர் மேடம்."

"இங்க ஏழு பேர் லீவுக்குக் காத்திருக்காங்க. ஒரு லீவு லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் ஒரு போட்டோவுக்கு நிக்கிறேன். நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஏழாவது போட்டோ உங்க டிரைவருக்கு."

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். நடிகை சிரிக்கவில்லை. டவர், காலக்கெடு, ஆள் பற்றாக்குறை என்று மேனேஜர் இழுத்தார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்திருக்கலாம். அவருக்கு மேலேயும் ஒருவர் இருப்பார் அல்லவா. ஆனால் அவருடைய மனைவிக்கு டவரைப் பற்றிக் கவலை இல்லை.

"ஏழு பேர் போனா கட்டடம் விழுந்துடுமா? போட்டுக் குடுங்களேன்" என்றார். "மகளையே பார்த்ததில்லையாம். கேக்கவே ஒரு மாதிரி இருக்கு." அந்த அம்மாவைப் பட்டுச்சேலைக்காரி என்று அதுவரை மனதுக்குள் வைதுகொண்டிருந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏழு லெட்டர்களோடு போனேன். வெறும் காகிதம், லேமினேட் இல்லை. கம்பெனி ஆள் ஒருவர் பாஸ்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். மேனேஜர் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட, நடிகை அவர் குடும்பத்தார் ஒவ்வொருவரோடும் போட்டோவுக்கு நின்றார். கடைசியாக டிரைவர் வந்து நின்றார். பயத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். நடிகை அவரை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். அது கணக்கில் இல்லாத போட்டோ.

அன்று மாலை கேம்ப்பில் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார்கள். சிவகங்கைக்காரர் லெட்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கையெழுத்தையே பார்த்தார். "இப்ப லேமினேட் பண்ணலாமாக்கா?" என்றார்.

"முதல்ல டிக்கெட் போடுங்க" என்றேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். கழிப்பறை அதேதான். அடுத்த டவருக்கு அதே பேச்சுதான். நடிகை சில வருடம் கழித்துச் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று தோற்றார். அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கக்கூடியவர்கள் பாதிப் பேர் அன்றைக்கு இங்கே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் பற்றி யார் இளப்பமாகப் பேசினாலும் சண்டைக்குப் போகிறவளாக மாறிவிட்டேன். "வெயில் நிஜம்" என்று இப்போது நான் சொல்கிறேன். அது தன்னுடைய வசனம் என்று என் கணவர் உரிமை கொண்டாடுகிறார்.

இரண்டு மாத லீவு முடிந்து சிவகங்கைக்காரர் ரோலாவுக்கு என்னைப் பார்க்க வந்தார். ஒரு பையில் முறுக்கும் அதிரசமும் இருந்தன. ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். இந்தத் தடவை வேலையை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"பாப்பா ஒம்பது நாளு எங்கிட்ட வரவே இல்லக்கா. கிட்டப் போனா அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிடும். மாமா மாமான்னுச்சு. பத்தாவது நாளு சோறு ஊட்டச் சொல்லி எம்முன்னால வந்து வாயத் தொறந்துச்சு" என்றார்.

"ஊர்ல நடிகையப் பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லாம? ஒருத்தரும் நம்பலக்கா. அவங்களோட எடுத்த போட்டோ எங்கடான்னு தெருவே கூடிருச்சு. எங்கிட்ட ஏது போட்டோ? பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இந்தான்னு நின்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அடுத்த ஆள் லெட்டர் அடிக்கக் காத்திருந்தார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்கும் ஒரு அதிரசம் எடுத்துக் கொடுத்தேன்.